சிறப்புக் கல்வியும் நம் பிள்ளைகளின் தாய்மொழியும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பிள்ளை பேசத் தாமதித்தாலும், படிப்பில் பின்தங்கினாலும், இருவகைப் பேச்சுகள் எழுவதைக் காண்கிறோம். பள்ளியில், “இந்தப் பிள்ளைக்கு எதுவும் விளங்குவதில்லை” என்பார்கள். வீட்டில், “இரண்டு மொழிகளுக்கிடையே அகப்பட்டுத் தடுமாறுகிறான், போகப் போகச் சரியாகிவிடும்” என்பார்கள். முதற்பேச்சு, தெலுங்கு தெரியாமையை அறிவின்மையாகக் கொள்வது. இரண்டாம் பேச்சு, மெய்யாகவே இருக்கும் குறையை மொழியின்மேல் ஏற்றிவிட்டுக் காலத்தைக் கழிப்பது. ஒன்று இல்லாத குறையைப் பிள்ளைமேற் சுமத்துகிறது. மற்றொன்று இருக்கும் குறையை மறைக்கிறது. இரண்டினாலும் கெடுவது பிள்ளையின் வாழ்வேயாகும்.

சிறப்புக் கல்வியைப் பெறுவதற்குச் சட்டம் வகுத்துள்ள வழிகள் பல. மருத்துவச் சோதனை, சான்றிதழ், பள்ளிச் சேர்க்கை, தனித்திட்டம், தேர்வுச் சலுகை என அவை படிப்படியாகச் செல்கின்றன. ஒவ்வொரு படியிலும் மொழி ஒரு வினாவாக வந்து நிற்கிறது. தாய்மொழியும் பள்ளிமொழியும் ஒன்றேயாகிய குடும்பங்களுக்கு அவ்வினா எழுவதில்லை, நமக்கு எழுகிறது. ஆகவே அதனை நடுவாக வைத்து இவ்வழிகளை முறையாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம்மிற் சிலர் தொழிலுக்காகவும் வணிகத்துக்காகவும் இங்கு வந்து குடியேறியவர்கள். வேறு சிலரோ இடம்பெயரவே இல்லை, எல்லைதான் பெயர்ந்தது. 1911இல் சென்னை மாகாணத்தில் உருவான சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடுப் பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எவ்வழியில் இங்கு வாழ நேர்ந்தவராயினும், வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகளே நம் பிள்ளைகள்.

மொழியா, குறைபாடா?

பெற்றோர் முதலில் தெளிய வேண்டியது இது. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதனால் எப்பிள்ளைக்கும் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. குறைபாடு உள்ள பிள்ளைக்கோ அக்குறை இரண்டு மொழிகளிலும் வெளிப்படும். வீட்டில் பாட்டியோடு தமிழில் கதை பேசி, கேட்டதற்குத் தக்க மறுமொழி சொல்லும் பிள்ளை, பள்ளியில் வாய் திறவாதிருப்பின், அது பெரும்பாலும் புதுமொழி பழகும் காலத்து மௌனமே. தமிழிலேயே சொற்கள் வரவில்லை, சொல்வது விளங்கவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றால், அது மொழியின் குற்றமன்று. அங்கே காத்திருத்தல் தவறு.

பன்னிரண்டு மாதம் நிறைந்தும் மழலை ஒலிகளும் கைகாட்டுதலும் இல்லாமை, பதினாறு மாதத்திலும் ஒரு சொல்லும் வாராமை, இரண்டு வயதாகியும் ‘பால் வேணும்’ என்பதுபோல் இருசொல் சேர்த்துப் பேசாமை ஆகியவற்றை மருத்துவர்கள் எச்சரிக்கைக் குறிகளாகக் கொள்வர். வந்த பேச்சு எந்த வயதில் மறைந்தாலும் உடனே மருத்துவரை அணுக வேண்டும். சொற்களைக் கணக்கிடும்போது தமிழ்ச் சொல்லையும் தெலுங்குச் சொல்லையும் சேர்த்தே எண்ண வேண்டும். தமிழில் இருபதும் தெலுங்கில் பதினைந்துமாக வேறுவேறு பொருளுக்குச் சொல் அறிந்த பிள்ளைக்கு முப்பத்தைந்து சொற்கள் தெரியும் என்பதே சரியான கணக்கு.

முதலில் செவியும் கண்ணும்

பேச்சுத் தாமதித்த பிள்ளைக்கு முதலிற் செய்ய வேண்டியது செவிச்சோதனை. படிப்பில் தடுமாறும் பிள்ளைக்குக் கண்சோதனையும் உடன் வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளையையும், ஆசிரியர் குரல் அரைகுறையாகக் கேட்கும் பிள்ளையையும் மந்தமென்று ஒதுக்குவது மிகப் பழைய பிழை.

2013இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ‘ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரமம்’ என்னும் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கும் ஒருமுறை அரசுப் பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்பது ஏற்பாடு. அக்குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டறிந்து, தாயாரும் உடன் இருப்பது நலம். பிள்ளை வீட்டில் பேசுவதையும் பேசாததையும் அவரன்றி வேறு யார் சொல்ல இயலும்?

திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை உண்டு. கைகால் ஊனத்துக்குத் தேவஸ்தானம் நடத்தும் ‘பர்ட்’ மருத்துவமனை உண்டு. செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்குத் தேவஸ்தானமே ஒரு பள்ளியை நடத்துகிறது; மிகச் சிறு குழந்தைகளுக்கெனத் தாயும் சேயும் ஒருங்கிருந்து பயிலும் ‘ஸ்ரவணம்’ என்னும் பயிற்சியும் அதன் ஆதரவில் நடைபெறுகிறது. செவிக்குறையைப் பொறுத்தவரை முதல் மூன்றாண்டுகள் பொன்போன்றவை. சென்னையில் 1969இல் தோன்றிய ‘பால வித்யாலயா’ பள்ளி, கைக்குழந்தைப் பருவத்திலேயே பயிற்சியைத் தொடங்குவதும், தாயை ஆசிரியரோடு அமர்த்திக் கற்பிப்பதும் இக்காரணம் பற்றியே.

சித்தூரிலிருந்து ஏறத்தாழ ஒருமணிப் பயணத் தொலைவில் வேலூர் இருக்கிறது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிக் குறைகளுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. பாகாயத்தில் அக்கல்லூரியைச் சேர்ந்த ‘நம்பிக்கை நிலையம்’, ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ள பிள்ளைகளோடு பெற்றோரையும் தங்கவைத்துப் பயிற்றுவிப்பது. தமிழிலேயே உரையாடலாம் என்பது நம்மவர்க்கு அங்கே கிடைக்கும் பெரும்பேறு.

சோதனை எம்மொழியில்?

இனி மிக இன்றியமையாத படிக்கு வருகிறோம். அறிவுத்திறனை அளக்கும் முதற்சோதனையைப் பாரிஸ் நகரில் பினே, சீமோன் என்னும் இருவர் 1905இல் வகுத்தனர். பள்ளியில் தனியுதவி வேண்டும் பிள்ளைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம், ஒதுக்கித் தள்ளுவதன்று. அச்சோதனையை இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றிய காமத் என்பார், கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்கென அதனைப் புதிதாக அமைக்க நேர்ந்தது. பிற மொழியினருக்கு வகுத்த வினாவை அப்படியே கேட்டால், அது அறிவை அளவாது, மொழிப்பயிற்சியையே அளக்கும்.

இதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகோ வழிவந்த பிள்ளைகள் சிலரை ஆங்கிலத்திற் சோதித்து, அறிவு குன்றியோர் வகுப்பிற் சேர்த்துவிட்டார்கள். பண்ணைத் தொழிலாளர்களாகிய பெற்றோர்கள் வழக்காடினார்கள். அதே பிள்ளைகளை ஸ்பானிய மொழியில் மீண்டும் சோதித்தபோது, அவர்களுட் பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவரல்லர் என்பது வெளிப்பட்டது. ‘டயானா வழக்கு’ எனப்படும் அது 1970இல் உடன்பாட்டில் முடிந்தது. பிள்ளையின் சொந்த மொழியிற் சோதிக்க வேண்டுமென்பது ஏற்கப்பட்டது. 1975இல் அந்நாடு இயற்றிய சிறப்புக் கல்விச் சட்டத்திலும் அந்நெறி இடம்பெற்றது. ஊர்விட்டு ஊர் வந்து உழைத்த எளிய பெற்றோர், தம் பிள்ளைகளுக்காகக் கேட்ட கேள்வியின் பயன் அது.

அக்கேள்வியை நாமும் கேட்கலாம். சினமின்றி, பணிவோடு, ஆனால் தெளிவாகக் கேட்கலாம். சோதனை தொடங்குமுன்பே, “எங்கள் பிள்ளைக்கு வீட்டுமொழி தமிழ்; தமிழிற் கேட்க இயலுமா? இயலாதெனில் தமிழறிந்த ஒருவர் உடனிருக்கலாமா?” என்று சொல்லிவிட வேண்டும். எச்சோதனை, எம்மொழியில், எந்நாளில் நடந்தது என்பதை அறிக்கையிற் குறிக்குமாறு கேட்க வேண்டும். மொழிபெயர்க்க அண்ணனையோ அக்காளையோ நிறுத்துவது தகாது. பிள்ளைகள் விடையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். இருமொழியும் அறிந்த, வளர்ந்த ஒருவரே ஏற்றவர்.

தாய்க்கும் இது பொருந்தும். நம் மருத்துவமனைகளிற் பெரிதும் வழங்கும் ‘வைன்லாந்து’ சமூக முதிர்ச்சி அளவை, பெற்றோரை வினவியே மதிப்பெண் இடுவது. தானே உண்கிறானா, பொத்தான் போடுகிறானா, கடைக்குப் போய் வருகிறானா என்றெல்லாம் கேட்பார்கள். பாதி விளங்கிய தெலுங்கில், வெட்கத்தோடு தலையசைக்கும் தாயின் விடை, பிள்ளையின் சான்றிதழில் எண்ணாக மாறிவிடும். விளங்காத வினாவை மறுமுறை கேட்பதில் இழுக்கொன்றுமில்லை. பிள்ளையின் நோட்டுப் புத்தகங்களையும், வீட்டில் அவன் பேசுவதைக் கைப்பேசியிற் படம்பிடித்த சில நிமிடக் காட்சியையும் உடன் கொண்டு செல்வது மிகவும் பயன்தரும்.

சான்றிதழ்

2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையோர்க்குச் சட்டம் தனிப்பட்ட நன்மைகள் சிலவற்றை ஒதுக்கியிருக்கிறது.

ஆந்திரத்தில் மக்கள் ‘சதரம்’ என்று வழங்குவது இச்சான்றிதழைத்தான். மீ சேவா நிலையத்தில் முன்பதிவு செய்து, குறித்த நாளில் அரசு மருத்துவமனை முகாமுக்குச் செல்ல வேண்டும். 2021 சூன் முதல் நாடெங்கும் சான்றிதழ்கள் தேசிய அடையாள அட்டைத் தளத்தின் வழியாகவே தரப்பட வேண்டுமென்பது மத்திய அரசின் ஆணை. அவ்வாறு பெற்ற சான்று நாடு முழுவதும் செல்லும். நாளைக்கு வேலை மாற்றலாகிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்றாலும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. தனியார் மருத்துவமனை அறிக்கை மதிப்புடையதாயினும் அது சான்றிதழ் ஆகாது என்பதை மறத்தலாகாது. அதனை முகாமிற் காட்டலாம். விழுக்காடு பொருத்தமன்று எனத் தோன்றினால் மேல்முறையீட்டுக்கும் சட்டத்தில் இடமுண்டு.

எழுத்துகளைக் கோத்து வாசிப்பதிலும் கணக்கிலும் மட்டும் தடுமாறும் கற்றல் குறைபாட்டை, எட்டு வயதளவில், அதாவது மூன்றாம் வகுப்பளவிற் சோதிப்பது வழக்கம். ஆனால் தமிழ் பேசும் பிள்ளை, தெலுங்கெழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒரே ஆண்டிற் பயிலத் தொடங்கினால், அத்தடுமாற்றம் பழக்கக் குறைவா, கற்றல் குறைபாடா என்பதை நன்கு ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும். எந்த மொழியை எத்தனை ஆண்டுகள் படித்தான் என்பதைப் பெற்றோர் எழுதிக் கொடுப்பது ஆராய்பவர்க்கு உதவும்.

சிலர் சான்றிதழ் பெறவே அஞ்சுகிறார்கள். பெண்ணாயின் திருமணத்துக்கு இடையூறு, உறவினரிடை இழிவு என்று தயங்குகிறார்கள். அவ்வச்சம் நமக்கு விளங்காததன்று. எனினும் தாளில் எழுதாததனால் குறை இல்லாமற் போவதில்லை. உதவிதான் இல்லாமற் போகிறது.

பள்ளியில்

சான்றிதழ் கைக்கு வரும்வரை பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்காது காத்திருக்க வேண்டியதில்லை. 2010இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுவரை எப்பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கலாகாது. நுழைவுத் தேர்வும் வைக்கலாகாது. 2016ஆம் ஆண்டின் சட்டம், குறித்த அளவு குறைபாடுடைய பிள்ளைகளுக்கு 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்வது குடும்பத்தின் உரிமை. அரசுப் பள்ளியாயினும் அரசின் ஏற்பிசைவு பெற்ற தனியார் பள்ளியாயினும், வேற்றுமையின்றிச் சேர்த்து உடன்வைத்துக் கற்பிக்கக் கடமைப்பட்டது. இக்கடமை 40 விழுக்காட்டுக்குக் குறைந்தவர்க்கும் உரியதே.

ஆந்திரத்தில் மண்டலங்கள் தோறும் ‘பவித’ மையங்கள் ஏற்படுத்தப்பட்டுள்ளன. சமக்ர சிக்ஷா திட்டத்தைச் சேர்ந்த சிறப்பாசிரியர்கள் அங்கே பயிற்சி அளிக்கிறார்கள். நடக்கவியலாத பிள்ளைகளுக்கு வீடு சென்று கற்பிக்கும் ஏற்பாடும், அழைத்துவருவோர்க்கும் போக்குவரத்துக்கும் உதவித்தொகையும், பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாயாகப் பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகையும் அத்திட்டத்தில் உண்டு. மையம் எங்குள்ளது என்பதை மண்டலக் கல்வி அதிகாரி அலுவலகத்திற் கேட்டறியலாம். சிறப்பாசிரியர்கள் தொகை தேவைக்குப் போதாமை நாடறிந்த குறை. தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைக்கு ஒருவரும், அதற்கு மேல் 15 பிள்ளைக்கு ஒருவரும் வேண்டுமென 2021இல் உச்ச நீதிமன்றம் அளவு காட்டியது. 2025இல் இடங்களை அறிவித்து நிரப்புமாறு மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட்டது. ஆகவே வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மணி நேரம் பயிற்சி கிடைக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்க.

சிறப்பாசிரியரிடம் பிள்ளைக்கென ஒரு தனித்திட்டத்தை எழுதித் தருமாறு வேண்டுக. “எண்கள் கற்பிக்கப்படும்” என்பது திட்டமாகாது. “மூன்று மாதத்துள் பத்துக்குட்பட்ட பொருள்களை எண்ணி எடுத்துத் தருவான், நாள்தோறும் கால்மணி நேரம், புளியங்கொட்டைகளைக் கொண்டு பயிற்சி” என்பதே திட்டம். முன்னதை அளக்க இயலாது. பின்னதை மூன்று மாதம் கழித்துத் தாயே அளந்து பார்க்கலாம். திட்டத்தில் மொழிக்கும் ஓரிடம் வேண்டும். பள்ளியில் அவ்வாரம் பயிலும் தெலுங்குச் சொற்களை எழுதி வாங்கி, நேரே தமிழ்ச் சொல்லையும் எழுதி, ஒரு படி ஆசிரியரிடமும் ஒரு படி வீட்டுச் சுவரிலும் இருத்தல் நன்று. பிள்ளை ‘தண்ணி’ என்று கேட்பது ‘நீள்ளு’ என்பதையே குறிக்கும் என ஆசிரியர் அறிந்தால், பாதி அழுகை குறையும்.

எல்லையோர ஊர்கள் சிலவற்றில் தமிழ்வழி அரசுப் பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு கூறுகிறது. அத்தகைய பள்ளி அருகில் உள்ளதாயின், அதனை எண்ணிப் பார்ப்பது தகும்.

தேர்வும் மொழிப்பாடமும்

கற்பதில் தடையுள்ள பிள்ளைக்கு மூன்று மொழிப்பாடம் பெருஞ்சுமை. 2016ஆம் ஆண்டின் சட்டம் இதனை உணர்ந்து, இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு, கூடுதல் நேரம், எழுதித்தர உதவியாளர் ஆகியவற்றைப் பெயர் குறித்தே கூறுகிறது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமற் கூடுதல் நேரம் வேண்டுமென்பது மத்திய அரசின் நெறிமுறை. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கியபின் விண்ணப்பிப்பது பயன்படாது. எட்டாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேட்டு, அத்தேர்வு வாரியத்தின் விதியை அறிந்துகொள்ள வேண்டும். பள்ளிப் படிப்பு இயலாதார்க்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி உண்டு; பாடங்களைத் தாமே தேர்ந்து, தவணை தவணையாகத் தேர்வெழுதலாம்.

எங்கேனும் கதவடைக்கப்பட்டால், வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மாவட்டக் கல்வி அலுவலகம், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாற்றுத் திறனாளிகள் நலத்துறை, மாநில ஆணையர் என்னும் வரிசையில் முறையிடலாம். ஆந்திரத்தில் விண்ணப்பம் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருப்பது விரைவுக்கு ஏற்றது. எல்லாத் தாள்களையும் நாள்வரிசையில் ஒரே கோப்பில் வைத்துப் படியெடுத்துக்கொள்க. ஊர் மாறும் குடும்பத்துக்கு அக்கோப்பே பிள்ளையின் வரலாறு.

தமிழை விடுவதா?

“வீட்டிலும் தெலுங்கோ ஆங்கிலமோ மட்டும் பேசுங்கள், ஒரு மொழியே இவனுக்குப் போதும்” என்று சிலர் அறிவுரை கூறுவதுண்டு. நல்லெண்ணத்தோடு கூறினும் இவ்வறிவுரை ஆராய்ச்சிக்கு ஒத்ததன்று. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பற்றிக் கனடா நாட்டறிஞர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் இருமொழி வழங்கும் பிள்ளைகள் ஒருமொழிப் பிள்ளைகளினும் ஆங்கிலத்திற் பின்தங்கவில்லை என்று கண்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றிய பின்னை ஆய்வுகளும் இருமொழியாற் கேடில்லை என்றே கூறுகின்றன.

ஆய்வு ஒருபுறம் நிற்க. தாய்க்கு நன்கு வாராத மொழியில் அவர் பிள்ளையோடு எவ்வளவு பேசுவார்? பெயர்ச்சொற்களும் ஏவல்களுமாக நான்கு சொற்களோடு நின்றுவிடும். தாலாட்டும், கொஞ்சலும், கதையும், கடிந்துகொள்வதுங்கூட அற்றுப்போகும். பேச்சுப் பயிற்சி மிகுதியாக வேண்டிய பிள்ளைக்கே பேச்சுக் குறைந்துவிடும். பாட்டியும் பாட்டனும் பேசும் மொழி தெரியாத பிள்ளை, தன் வீட்டிலேயே அயலானாகிவிடுவான். வாழ்நாள் முழுவதும் உறவினர் துணையோடு வாழ வேண்டியவனுக்கு இது சிறிய இழப்பன்று. தெலுங்கு அவனுக்கு வேண்டும். கடையிலும் பள்ளியிலும் பேருந்திலும் அதுவே அவன் வாழ்வு. ஆனால் அது தமிழோடு சேர வர வேண்டும். தமிழை வெளியேற்றிவிட்டு அன்று. செவிகேளாப் பிள்ளையின் வீட்டிலோ, பயிற்சியாளர் கூறும் முறையை முழுமையாகப் பின்பற்றுவதோடு, சைகைமொழியை வீட்டார் அனைவரும் கற்பது அப்பிள்ளைக்குத் தாய்மொழி தந்தது போலாகும்.

நாம் செய்யத்தக்கது

இவையெல்லாம் ஒரு தாய் தனித்து நின்று செய்யக்கூடியன அல்ல. மருத்துவமனை வரிசையில் அவருடன் நின்று இருமொழியும் பேச ஒருவர் வேண்டும். விண்ணப்பத்தைத் தெலுங்கில் எழுதித்தர ஒருவர் வேண்டும். மாதம் ஒருமுறை இத்தகைய பெற்றோர் கூடிப் பேச ஓரிடம் வேண்டும். நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தெலுங்கிற் பிறந்தவர்போற் பேசும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் அரைநாளைத் தரக்கூடியவர்கள் தம் பெயரைச் சங்கச் செயலாளரிடம் பதிந்துவைப்பாராக. உதவி வேண்டும் பெற்றோரும் கூசாது கேட்பாராக. ஒரு பிள்ளையின் சோதனை நாளில் அருகே தமிழ் பேசும் ஒருவர் அமர்ந்திருந்தால், அப்பிள்ளையைப் பற்றி எழுதப்படும் முதற்சொல் உண்மையானதாக இருக்கும். அதன்மேல் கட்டப்படும் கல்வியும் உறுதியாக நிற்கும்.